மூன்றாம் தரம்

கல்லுக்கட்டிக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில்
ஏழு மணிக்கு ஏலம்.
சரக்கு: பதினான்கு வாக்கியங்கள்.
சில உறுதி, சில ஓட்டை.
எது எதுவென்று நான் சொல்ல மாட்டேன்.

ஏழு பேர், ஆளுக்கு ஆயிரம் ரூபாய்.
நாள்காட்டியில் கிழித்த தாள்களின் முதுகில்
சிவப்பு மையில் நூறு என்று எழுதியிருக்கிறேன்.
முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம்,
போன ஆவணியின் ஒரு சந்திராஷ்டமம்.
செலவான நாட்களைத்தான் இங்கே செலவழிக்கிறோம்.

'ஷீ டோன்ட் லைக் காபி.'
சேவுகன் எழுந்து பலகைக்கு அருகே வந்தான்.
பகலில் பழைய சாமான் கடையில் வேலை அவனுக்கு.
வாக்கியத்தையும் அலமாரி மாதிரியே பார்க்கிறான்:
எட்ட நின்று, பக்கவாட்டில் குனிந்து,
விரல் மொட்டியால் டோன்ட்டைத் தட்டி.
"உள்ளே பொக்கு டீச்சர்.
டஸன்ட் இருக்க வேண்டிய எடத்துல
வேற கட்டையைச் சொருகியிருக்கு."
ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை.

வைரவனுக்கு அந்த நிதானம் கிடையாது.
சுற்றுலா வண்டி ஓட்டுகிறவன்;
ஹாரன் அடிப்பதுபோல் கை தூக்குவான்.
'யெஸ்டர்டே ஐ டிட் வென்ட் டு பள்ளத்தூர்',
அறுநூறுக்கு எடுத்தான்.
டிட் இருந்தால் வென்ட் வராது என்றேன்.
"ஒரே வண்டியில ஏற மாட்டாங்களா ரெண்டு பேரும்?"
"மாட்டார்கள்."
"சண்டை போட்ட சம்பந்திகளா டீச்சர்?"

ஒரு தரம், ரெண்டு தரம் என்று நான் கூவும்போது
ரகமத் நிஷா கேட்டாள்,
வெள்ளைக்காரர்கள் ஏலத்தில் என்ன சொல்வார்கள் என்று.
கோயிங், கோயிங், கான்.
இரண்டு முறை போய்க்கொண்டிருக்கிறது,
மூன்றாம் முறை போயே விட்டது.
மூன்று மாதமாக யார் தலையிலும் ஏறாத
வினைச்சொல்லின் மூன்றாம் உருவம்
டஸ்டரால் மேசையில் ஓங்கி அடித்தபோது ஏறிற்று.
சாக்பீஸ் தூளில் எல்லோரும் தும்மினோம்.

ஒன்பதாவது,
'ஐ ஹேவ் பெய்ட் தி லோன் யெஸ்டர்டே.'
முத்துக்கருப்பி அதுவரை வாய் திறக்கவில்லை.
கானாடுகாத்தான் விடுதியில் காய் நறுக்குகிறவள்.
விருந்தாளிக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல வந்தால்
பரிமாறும் பக்கம் மாற்றுவார்களாம்,
சம்பளம் இரண்டாயிரம் கூடுமாம்.
"ஆயிரம்" என்றாள் எடுத்த எடுப்பில்.
எதிர்த்துக் கேட்க ஆளில்லை.
போய்விடுமோ என்று மறுபடியும் "ஆயிரம்."
பத்து நேற்றுகளையும் மேசையில் அடுக்கினாள்.

மூணு தரம்.

பிழையான வாக்கியம் என்று
எப்படிச் சொல்வது?
"நேத்துதான் டீச்சர் கட்டுனேன்.
குழுக் கடன், பதினெட்டாவது தவணை. இந்தாங்க ரசீது."
ரசீது சரிதான். முத்திரை, கையெழுத்து, நேற்றைய தேதி.
'நேற்றுக் கட்டியிருக்கிறேன்' என்று தமிழில் எழுதினால்
எந்த வாத்தியாரும் அடிக்கோடு போட மாட்டார்.
ஆங்கிலத்தில் மட்டும்
நேற்று வந்து உட்கார்ந்தால்
ஹேவ் எழுந்து வெளியே போக வேண்டும்.
ஏனென்று பயிற்சிப் புத்தகத்தில் மூன்று பக்கம் இருக்கிறது.
அதில் ஒரு வரியும் என் வாயில் வரவில்லை.

பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:
"ஹேவ்னா, இருக்குன்னுதானே அர்த்தம்?"
கிட்டத்தட்ட, என்றேன்.
"கட்டுனதுக்கப்புறம் கையில என்ன ஹேவ்?"
எழுந்து போய் உள்ளங்கையால் அழித்தாள்.
ஐ, பெய்ட். நடுவில் வெள்ளையாய் ஒரு தீற்றல்.

வைரவன் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.
அவள் சிரிக்கவில்லை.
கை தூசியைச் சேலையில் துடைத்து
நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

எட்டரைக்கு இறங்கினேன்.
ஜெராக்ஸ் கடை அடைக்கலம்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றிருந்தார்.
மாடி வாடகை, இரண்டு மாதம்.
ஐ ஹேவ் நாட் பெய்ட் யெட்.
பிழையே இல்லாத வாக்கியம்.
சேவுகன் தட்டினாலும் பர்மா தேக்கின் சத்தம்தான் கேட்கும்.
"அடுத்த வாரம் அண்ணே" என்றேன்.
பையில் எழுபது தாள், ஏழாயிரம் ரூபாய்,
அத்தனையும் கிழித்த நாள்.